குடவோலை: ஓட்டு இல்ல, குலுக்கல்

போன எபிசோட்ல டேவிட் வான் ரேப்ரூக் எழுதின 'அகெய்ன்ஸ்ட் எலெக்‌ஷன்ஸ்' புத்தகத்தைப் பத்திப் பேசினோம். ஓட்டுப் போட்டு ஆள் எடுக்கிறதை விட, குலுக்கல்ல வந்த சாதாரண மக்களை உட்கார வெச்சுப் பேசவிட்டா நல்ல முடிவு வரும்னு வாதாடுற புத்தகம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க: "ப்ரோ, இதைத்தானே நம்ம உத்திரமேரூர்ல அப்பவே பண்ணாங்க?"

ஆமா, பண்ணாங்க. ஆனா வாட்ஸ்அப்ல 'உலகின் முதல் தேர்தல்'னு ஒரு ஃபார்வர்டு சுத்துதே, அது தப்பு. அங்க யாரும் யாருக்கும் ஓட்டுப் போடல.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்துல ரெண்டு கல்வெட்டு. ஒண்ணு கி.பி. 919, இன்னொண்ணு 921. எங்க பாஷையில சொன்னா வெர்ஷன் ஒண்ணு, வெர்ஷன் ரெண்டு. முதல் தடவை 30-லிருந்து 60 வயசுன்னு இருந்த விதி, ரெண்டே வருஷத்துல 35-லிருந்து 70-ன்னு மாறுது. கூடவே தகுதி இல்லாதவங்க பட்டியலும் நீளுது.

குலுக்கல் நடக்கிற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஊர்ல 30 குடும்பு, அதாவது வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்புக்கும் தகுதியானவங்க பேரை ஓலையில எழுதி, கட்டாக் கட்டி, எந்தக் குடும்புன்னு மேல ஒரு வாயோலை வெச்சு, குடத்துல போடுறாங்க. சபை முழுக்கக் கூடியிருக்கு. வயசுல மூத்த ஒருத்தர் குடத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி தூக்கிக் காட்டணும். உள்ள என்ன இருக்குன்னே தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரிச்சு வேறொரு காலிக் குடத்துல போட்டுக் குலுக்கி, அதே பையன் ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில கொடுப்பான். மத்தியஸ்தன் அதை அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கையில வாங்கணும். கைக்குள்ள வேற ஓலையை ஒளிச்சு வெச்சு மாத்திட முடியாதுல்ல! அவர் வாசிச்சதும், மண்டபத்துல இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாங்கி வாசிக்கணும். அப்புறம்தான் அந்தப் பேரை ஏத்துக்குவாங்க.

ஒருத்தர் மேலயும் நம்பிக்கை வைக்காம எழுதின விதிகள் இது. அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இருக்கு. டேனியல் கானமன் 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ'வுல அலெக்ஸாண்டர் டோடரோவோட ஆய்வைச் சொல்றார். வேட்பாளர் யாருன்னே தெரியாதவங்க கிட்ட முகத்தை மட்டும் காட்டி 'இவர் திறமைசாலியா'ன்னு கேட்டிருக்காங்க. சுமார் 70% போட்டிகள்ல, அதிக மார்க் வாங்கின முகம்தான் நிஜத் தேர்தல்லயும் ஜெயிச்சிருக்கு. குடத்துக்கு முகம் தெரியாது.

ஜெயிக்கிற 30 பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். தப்புப் பண்ணா உடனே வெளிய. முந்தின மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவர் நிக்க முடியாது. பதவியில இருந்து கணக்குக் காட்டாம போனவர் மட்டுமில்ல, அவரோட மகன், மருமகன், மாமனார், மைத்துனன்னு ஒரு பெரிய உறவுப் பட்டாளமே குடத்துக்குள்ள வர முடியாது. இதை இன்னைக்கு அமல்படுத்தினா எத்தனை கட்சி மிஞ்சும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இப்போ கஷ்டமான பகுதி. குடத்துக்குள்ள யார் பேர் போகும்? உத்தரமேரூர் சதுர்வேதிமங்கலம் ஒரு பிரமதேயம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். வேதத்தோட பாஷ்யமும் சொல்லிக் கொடுக்கத் தெரிஞ்சா அரைக்கால் வேலி போதும். பெண்கள் கிடையாது. அந்த நிலத்துல உழுதவங்க கிடையாது. போதாக்குறைக்கு, விதியை எழுதும்போது ராஜாவோட அதிகாரி வேற கூட உட்கார்ந்திருக்கார்.

2016-ல அயர்லாந்து ஆரம்பிச்ச மக்கள் சபையிலயும் குலுக்கல்தான். ஆனா 99 பேரை எடுத்தது ஓட்டுரிமை உள்ள மொத்த ஜனத்துலருந்து. கருக்கலைப்புச் சட்டத்தை மாத்தலாம்னு அந்த சபை சொல்ல, 2018 மே மாசம் பொது வாக்கெடுப்புல மக்களும் அதையே சொன்னாங்க. ரெண்டு ஊர்லயும் குலுக்கல்தான், குடத்துல போட்ட பேர்கள்தான் வேற.

இந்தச் சண்டை அரசியல் நிர்ணய சபைக்கே போயிருக்கு. 1948 நவம்பர் 4, அம்பேத்கர் இந்திய கிராமத்தைக் குறுகிய புத்தியும் அறியாமையும் நிறைஞ்ச இடம்னு கடுமையாப் பேசினார். நவம்பர் 22, கிராமப் பஞ்சாயத்து பத்தின விவாதம். டி. பிரகாசம் எழுந்து இதே உத்திரமேரூர் கல்வெட்டைச் சொன்னார். பஞ்சாயத்துத் திருத்தத்தை அம்பேத்கர் ஏத்துக்கிட்டார், அதுதான் இன்னைக்கு 40-வது பிரிவு. ஆனா என்னைக் கேட்டா, உத்திரமேரூர் சுவரை முழுசாப் படிச்சா நவம்பர் 4 பேச்சுக்கும் அதுல ஆதாரம் கிடைக்கும்.

ஊருக்குப் போனீங்கன்னா, கோயிலோட திரும்பிடாதீங்க. பல்லவர் காலத்து வைரமேக தடாகம்னு ஒரு பெரிய ஏரி இருக்கு. அந்த ஆறு பேர் ஏரி வாரியம் பார்த்துக்கிட்டது அதைத்தான். ஏரிக்குத் தூர் வாரின கதை தனி எபிசோட், அடுத்த வாரம் பேசுவோம்.