பெண்ணின் வளவும் பெயர்ந்து வரும் மாப்பிள்ளையும்: கல்முனைக் கரையோரத்தில் வீடு அமைந்த வரலாறு

புதிய ஊரில் குடியேற எண்ணுபவர், வீட்டைக் கட்டித் தருபவர் நம்பத்தக்கவரா, அயலவர் எத்தகையோர் என்னும் இரண்டையும் விசாரித்த பிறகே முடிவுக்கு வருகிறார். இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இவ்விசாரணை தலைமுறை தலைமுறையாகக் கலியாணப் பேச்சின் பகுதியாகவே நடந்து வந்திருக்கிறது. அங்கே பிறந்த வீட்டை விட்டுப் புதிய தெருவுக்கோ ஊருக்கோ குடிபெயர்பவர் மணமகன். அவர் புகும் வீட்டைக் கட்டியவர் பெண்ணின் வாப்பா. அயலில் இருப்போர் பெண்ணின் உம்மாவும் சகோதரிகளும் சாச்சிமாரும் ஆவர். வீடு, உறவு, அயல் ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே முடிச்சில் கட்டுண்டிருந்தமையை அரசும் உதவி நிறுவனங்களும் கருத்திற் கொள்ளாமல் எழுப்பிய வீடுகள், சுவரும் கூரையும் உறுதியாக இருந்தும், அங்கு குடியேறிய குடும்பங்களின் வாழ்முறைக்கு இசையாமல் போயின.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் இவ்வூர்களுக்கு இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் முதலிய தமிழ் ஊர்கள் அமைந்துள்ளன. கிழக்கே கடல், மேற்கே கரவாகு முதலிய வயல்வெளிகள், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்மேடு என்னும் நில அமைப்பில், குடியிருப்புக்கு ஏற்ற காணி தொடக்கத்திலிருந்தே அளவோடுதான் இருந்தது. ஆயினும் ஒவ்வொரு மகளுக்கும் வீடும் வளவும் கொடுப்பது என்ற வழக்கம் இங்கேதான் வேரூன்றியது.

இவ்வழக்கத்தின் அடித்தளம் ‘குடி’ எனப்படும் தாய்வழிக் குலமுறையாகும். பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. மட்டக்களப்புப் பிரதேசத் தமிழரிடையே, குறிப்பாக முக்குவரிடையே, இதே அமைப்பு நிலவுவதும், சில குடிப்பெயர்கள் இரு சமூகத்தாருக்கும் பொதுவாக இருப்பதும், பழங்காலத் திருமணத் தொடர்பின் விளைவு என்றே கருதப்படுகின்றன. முக்குவருக்கும் திமிலர் என்னும் சமூகத்தாருக்கும் மூண்ட பகையில் தம் பக்கம் நின்ற முஸ்லிம்களுக்கு முக்குவர் பெண் கொடுத்தனர் என்று வாய்மொழி மரபு கூறுகிறது. போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களில் ஏறத்தாழ 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626 அளவில் இப்பகுதியில் குடியேற்றினான் என்ற வரலாற்றுச் செய்தியையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், ஆண்கள் பெயர்ந்து வந்து பெண்வழி நிலத்தில் ஊன்றியமை இச்சமூகத்தின் உருவாக்கத்திலேயே நிகழ்ந்த ஒன்றாகத் தோன்றுகிறது. முக்குவரின் சொத்துரிமை விதிகளைத் தொகுத்து பிரிற்றோ என்பவர் வெளியிட்ட நூல் 1876இல் வந்தது. முதுசொம், அதாவது முன்னோர்வழிச் சொத்து, சகோதரியின் பிள்ளைகளைச் சேரும் என்பது அதில் காணப்படும் விதிகளுள் தலையாயது. அந்தச் சட்டம் வழக்கிழந்த பின்னரும், சொத்து பெண்வழியே இறங்க வேண்டும் என்ற எண்ணம் சீதன வீட்டின் வடிவில் நிலைத்துவிட்டது. 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளார். காயல்பட்டினத்திலும் வட மலபார் மாப்பிள்ளைமாரிடையேயும் மணமகன் பெண்வீட்டுக்குச் செல்லும் வழக்கம் உண்டு என்பதால், இந்துமாக்கடலின் கரையோர முஸ்லிம் சமூகங்கள் சிலவற்றின் பொதுப்பண்பாகவும் இதனைக் கொள்ளலாம்.

வீடு கட்டும் முறையை நெருங்கிப் பார்த்தால், ஒரு வீட்டின் கதை ஒரு பெண்பிள்ளையின் வயதோடு சேர்ந்து வளர்வது புலப்படும். பழைய நாளில் கம்புகளை நட்டு, வரிச்சுக் கட்டி, களிமண் அப்பி, கிடுகு வேய்ந்த வீட்டைக் குடும்பத்தாரும் உறவினரும் சேர்ந்தே எழுப்பினர். வளவைச் சுற்றிக் கிடுகு வேலியும், உள்ளே கிணறும், பின்புறம் தனியாகக் குசினியும் இருந்தன. வேலி அயலாரின் பார்வையை மறைத்தது, ஆனால் சகோதரிகளின் வளவுகளுக்கிடையே பெண்கள் தெருவுக்கு வராமலே போய்வரக் கடப்புகள் விடப்பட்டன. கல்வீடு பரவிய பிறகு மேசனும் ஓடாவியும், அதாவது கல்வேலை செய்பவரும் மரவேலை செய்பவரும், கூலிக்கு அமர்த்தப்பட்டனர். எனினும் அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என வேலை கையில் காசு சேரும்போதெல்லாம் சிறிது சிறிதாக, ஆண்டுக்கணக்கில் நடந்தது. மூத்த மகளுக்குக் கலியாணமானதும் வீடு அவளுக்கு உரியதாகும். பெற்றோரும் மணமாகாத பிள்ளைகளும் சிலகாலம் அதிலேயே இருந்துவிட்டு, அதே வளவின் இன்னொரு மூலையில் கட்டிய வீட்டுக்கோ, அதற்கு வசதியில்லாவிடில் குசினிப் பக்கத்துக்கோ மாறுவர். அடுத்த மகளுக்கான அத்திவாரம் அதன் பின் தொடங்கும். சகோதரிகளுக்கு வீடு கட்டி முடியும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போடும் சகோதரன் இவ்வூர்களில் அரிதானவன் அல்லன். தன் சகோதரிக்கு உழைத்துக் கட்டிக்கொடுத்த பின், வேறொருவர் தம் மகளுக்கென்று கட்டிய வீட்டில் அவன் குடிபுகுவான். உழைப்பும் உரிமையும் வெவ்வேறு கூரைகளின் கீழ் அமைந்த இந்த ஏற்பாடு ஆண்மக்கள் மீது பெருஞ்சுமையை ஏற்றியது என்பதையும், வசதியற்ற பெற்றோரின் பெண்மக்கள் பலரை மணமின்றிக் காத்திருக்க வைத்தது என்பதையும் மறைக்க இயலாது.

சட்டத்தின் பக்கத்திலிருந்து நோக்கினால் இவ்வேற்பாட்டின் நுட்பம் தெளிவாகும். உயில் எழுதாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து இஸ்லாமியச் சட்டப்படி பிரியும் என்பதை 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் உறுதி செய்தது. அதன்படி மகளின் பங்கு மகனின் பங்கில் பாதி. ஆனால் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே நன்கொடை உறுதி முடித்து, அதாவது சொத்தை அன்பளிப்பாக எழுதிப் பதிவுசெய்து, மகளுக்குக் கொடுத்துவிட்டால், அச்சொத்து வாரிசுப் பங்கீட்டுக்கு வராது. மார்க்கச் சட்டத்தை மீறாமலே, வீடும் வளவும் முழுமையாகப் பெண்ணைச் சேரும் வழியை இவ்வூரார் இவ்வாறு கண்டனர். மணமகனுக்குக் கொடுக்கப்படும் ‘கைக்கூலி’ எனும் பணம் இதிலிருந்து வேறானது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் அதனைக் குறிப்பிட்டு, மனைவி அதை மீட்டுக்கொள்ளும் உரிமையையும் அளித்துள்ளது. வீட்டைப் பொறுத்தவரை அத்தகைய மீட்புக்கே தேவை எழுவதில்லை. விவாகம் முறிந்தால் வெளியேறுபவர் கணவர்தான்.

அயலைத் தெரிவு செய்வதில் பள்ளிவாசலுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு குடிக்கும் ‘மரைக்காயர்’ எனப்படும் பிரதிநிதி ஒருவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இடம்பெற்றார். குடும்பப் பிணக்குகளை விசாரிப்பதும், கந்தூரிக்கான பங்கைத் தம் குடியாரிடம் திரட்டுவதும் அவருடைய கடமைகளாக இருந்தன. 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களை அரச பதிவின் கீழ்க் கொண்டுவந்த பின்னரும், பல ஊர்களில் குடிவாரிப் பிரதிநிதித்துவம் தொடர்ந்தது. ஆகவே பெண்வீட்டுக்குச் செல்லும் மாப்பிள்ளை, தன் தாயின் குடியைச் சேர்ந்தவராகவே இருந்துகொண்டு, மனைவியின் தெருவிலும் அவளது பள்ளிவாசலின் நிழலிலும் வாழ்ந்தார். அவரது பிள்ளைகளின் நலனை நாடுவதில் அவருடைய குடியைவிட மனைவியின் குடிக்கே உரிமையும் கடமையும் மிகுதி.

இந்த அமைப்பை முதலில் பெரிதாக உலுக்கியது கல்லோயாத் திட்டம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றி, இங்கினியாகலையில் அணை எழுந்து, மேற்கே காடாக இருந்த நிலம் குடியேற்றக் கொலனிகளாக மாறியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமும் ஆயிற்று. குடியேறியோருக்கு வயலும் மேட்டுநிலமும் வீடும் அரசே தந்தது. அக்காணிகளை ஆண்ட சட்டம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ஆகும். அனுமதிப்பத்திரம் ஒருவர் பெயரிலேயே வழங்கப்பட்டது. அவர் பெரும்பாலும் குடும்பத் தலைவராகக் கருதப்பட்ட ஆண். பின்னுரித்தாளரை, அதாவது அவருக்குப் பின் காணியைப் பெறுபவரை, அவர் பெயர் குறிக்காதுவிடின், மகளுக்கு முன் மகனுக்கும், இளையவருக்கு முன் மூத்தவருக்கும் காணி சென்றது. வளவைத் துண்டாடுவதற்கும் தடை இருந்தது. மகள்மாருக்கு வளவைப் பிரித்துக் கொடுப்பதையே வாழ்வின் முதற்கடனாகக் கொண்டிருந்த கரையோரக் குடும்பத்துக்கு, இச்சட்டத்தின் ஒவ்வொரு விதியும் எதிர்த்திசையில் நின்றது. எனவே கொலனியில் வயல் செய்தவர்களிற் பலர் வீட்டைக் கடற்கரை ஊரிலேயே வைத்திருந்தனர். பின்னர் உள்நாட்டுப் போர்க்காலத்தில் மேற்கிலுள்ள வயல்களுக்குச் செல்வதே ஆபத்தானபோது, கரையோர வளவுகள் மேலும் நெருங்கின. சொந்த இனத்தார் சூழ வாழ்வதே பாதுகாப்பு என்ற அச்சம் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒருசேர ஆட்கொண்டு, எல்லைத் தெருக்களில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்களைப் பிரித்தமை, இந்நிலத்தின் வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க பகுதியாகும்.

1978 நவம்பரில் வீசிய பெரும்புயல் கிடுகு வீடுகளின் பலவீனத்தைக் காட்டியது. அதையடுத்த ஆண்டுகளில் மத்திய கிழக்கிலிருந்து வந்த உழைப்புப் பணம், தட்டையான கொங்கிறீட்டுக் கூரையையும், இளைய மகளுக்கென மேல்மாடி எழுப்பும் வழியையும் கொண்டுவந்தது. தம் சீதன வீட்டைத் தாமே கட்டுவதற்காகப் பணிப்பெண்களாகக் கடல் கடந்த பெண்களும் பலர்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இவ்வேற்பாட்டின் மீது நேரடியாக மோதியது. நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. அவற்றில் 10,000க்கும் மேற்பட்டவை அம்பாறை மாவட்டத்தில் மட்டும். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்களில் தாயும் மகள்மாரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்தமையால், ஒரே குடும்பத்தின் பல வீடுகளும் பல தலைமுறைகளும் ஒருங்கே அழிந்தன. நெருங்கி வாழ்ந்ததன் பலனாக இருந்த உறவுத்துணை, அந்த ஒரு காலையில் இழப்பின் அளவைப் பெருக்கிவிட்டது.

அதன் பின் அரசு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் தூரத்துக்குக் கட்டடத் தடை விதித்தது; பின்னர் கல்முனைப் பகுதியில் அது 65 மீற்றராகக் குறைக்கப்பட்டது. மருதமுனையில் எழுந்த வீட்டுத்திட்டம் ஒன்று இன்றும் ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்றே வழங்கப்படுகிறது. தடைவலயத்துக்கு வெளியே சொந்தக் காணி உடையோருக்கு, முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும் பகுதி சேதத்துக்கு 100,000 ரூபாவும் தவணைகளாக வழங்கப்பட, அவர்கள் தாமே மேசனைப் பிடித்துக் கட்டினர். வலயத்துக்குள் இருந்தோருக்கு உதவி நிறுவனங்கள் வேறிடத்தில் வீடு கட்டிக் கொடுத்தன. முதல் வகையினர் அறையின் அமைப்பையும், குசினியின் இடத்தையும், பின்னாளில் மாடி எழுப்புவதற்கான தூண்களையும் தாமே தீர்மானித்தனர். இரண்டாம் வகையினருக்கு யார் கட்டுவது, எங்கே கட்டுவது, பக்கத்தில் யார் இருப்பது என்ற எதிலும் தெரிவு இருக்கவில்லை. கல்முனையில் வயற்பக்கத்தில் எழுந்த கிறீன் பீல்ட் தொடர்மாடிகளை எடுத்துக்கொண்டால், மூன்று பெண்மக்கள் உள்ள குடும்பத்துக்கு அங்கே கிடைத்தது ஒரே தளத்தில் ஒரு வீடு. வளவு இல்லை, மேலே எழுப்ப உரிமையில்லை, இளைய மகளுக்கு அத்திவாரம் போட மண்ணும் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற கணக்கு, வளவில் மகளுக்கெனப் பாதி கட்டப்பட்டு அலையில் போன வீட்டைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு கட்டப்பட்ட 500 வீடுகளின் நிலை இன்னும் கொடியது. பாடசாலையும் பள்ளிவாசலும் வைத்தியசாலையும் உள்ளடங்க முழு ஊராகவே அது திட்டமிடப்பட்டது. அதன் பகிர்வுக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டு, உயர் நீதிமன்றம் தலையிட்டதன் விளைவாக வீடுகள் கையளிக்கப்படாமல் நின்றன. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆளின்றிக் கிடந்து, கதவும் நிலையும் களவுபோன அவற்றைப் பற்றைக்காடு மூடியது. அவ்வீடுகளுக்குக் காத்திருந்தோர் அக்கரைப்பற்றிலேயே உறவினர் வளவுகளில் ஒதுங்கியும் வாடகைக்கும் வாழ்ந்தனர்.

கையளிக்கப்பட்ட வீடுகளிலும் உறுதி யார் பெயரில் என்பது பெருஞ்சிக்கலாயிற்று. அலையில் அழிந்தவை பெண்களின் சீதன வீடுகள். பதிலாகக் கிடைத்தவை பலவிடத்து ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் கணவருக்கு எழுதப்பட்டன. அரச காணியில் இருவர் பெயரில் கூட்டுரிமை வழங்கவும் அதிகாரிகள் தயங்கினர். கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதனை அன்றே எடுத்துரைத்தன. அவர்களின் முறையீடு முழு நியாயமுடையது என்பதில் ஐயமில்லை. தாயிடமிருந்து மகளுக்கு வந்த உரிமை, எவரும் பறிக்க வேண்டும் என்று எண்ணாமலே, ஒரு படிவத்தின் ஒற்றைக் கட்டத்தில் இல்லாமற் போனது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் மகனுக்கு முன்னுரிமை தந்த பின்னுரித்து வரிசை 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தாலேயே மாற்றப்பட்டது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அது நடைமுறையில் இருந்தது. அத்திருத்தம் அரசு வழங்கிய காணிகளுக்கே செல்லும். தனியார் உறுதிக் காணிகளில், பெற்றோர் கலியாணத்துக்கு முன் நொத்தாரிசிடம் சென்று மகள் பெயருக்கு நன்கொடை உறுதி முடிக்கும் வழக்கம் இன்றும் நடைபெறுகிறது. வயலை நிரப்பி வீடு கட்ட 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி வேண்டியிருப்பதால், அவ்வுறுதியில் எழுதப்படுவது இப்போது பெரும்பாலும் பழைய வளவின் ஒரு துண்டாகவோ, மூத்தவளின் வீட்டுக்கு மேலுள்ள மாடியாகவோ இருக்கிறது.