துப்பாக்கி உரிமமும் காவல்துறைச் சோதனையும்: வன்கொடுமைத் தடுப்பு விதி 3 சொல்வது என்ன?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கிளியனூர். புதுச்சேரியிலிருந்து மதுப்புட்டிகள் கடத்தப்படுவதைத் தடுக்க அந்தச் சாலையில் வாகனச் சோதனை நடப்பது வழக்கம். அப்பகுதி இளைஞர்களுக்கான சட்டப் பயிற்சி வகுப்பொன்றில் மாணவர் ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். உரிமத்துடன் துப்பாக்கி கொண்டுசெல்பவரைக் காவலர் நிறுத்தினால் அவரை என்ன செய்ய முடியும்? சேரியில் பிறந்த ஒருவருக்கு அந்த உரிமம் கிடைக்குமா? இரண்டாவது கேள்விக்கு வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் எழுத்துபூர்வமான விடை இருக்கிறது. அதை அறிந்தவர்கள் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. இந்தியாவில் ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அன்று. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஆ) பிரிவு ஒன்றுகூடும் உரிமையை வழங்கும்போதே, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூட வேண்டும் என்கிறது. அரசமைப்பு பெயர் சொல்லிப் பாதுகாக்கும் ஒரே ஆயுதம் சீக்கியரின் கிர்பான். 25ஆம் பிரிவின் முதல் விளக்கத்தில் அது இடம்பெற்றுள்ளது. 2023இல் உத்தரப் பிரதேசத்தின் கள்ளத் துப்பாக்கிகள் குறித்துத் தானாக முன்வந்து விசாரித்த உச்ச நீதிமன்றமும், அமெரிக்காவில் இருப்பது போன்ற ஆயுத உரிமை இங்கே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. ஆகவே இங்கே துப்பாக்கி என்பது அரசு தரும் சலுகை. எந்தச் சலுகையையும் போல, அது யாருக்குத் தரப்படுகிறது என்பதுதான் கேள்வி.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் இதற்கு வெளிப்படையான விடை இருந்தது. இந்தியர் உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அந்த இனப் பாகுபாட்டை நீக்கியது. ஆனாலும் பிறப்பை அடிப்படையாகக் கொண்ட விலக்கு முற்றாக ஒழிந்துவிடவில்லை. கர்நாடகத்தின் குடகு இனத்தவரும் அங்கு ஜம்மா நிலம் வைத்திருப்போரும் உரிமம் பெறுவதிலிருந்து இன்றளவும் விலக்குப் பெற்றிருக்கிறார்கள். 2029 வரை நீட்டிக்கப்பட்ட அந்த விலக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் சரியெனத் தீர்ப்பளித்தது. மரபு என்ற ஒரு சொல்லால் ஒரு சமூகம் உரிமத்தையே தவிர்க்க முடிகிறது. வன்கொடுமைக்கு உள்ளாகும் சமூகமோ தனக்கு உயிராபத்து இருப்பதை அதிகாரியிடம் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது மாணவரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் விதிகள் இயற்றப்பட்டன. அவற்றில் 3ஆம் விதி முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளைப் பற்றியது. வன்கொடுமை நிகழக்கூடும், அல்லது மீண்டும் நிகழக்கூடும் என நம்பக் காரணமுள்ள பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அந்தப் பகுதிகளுக்கு மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் சென்று நிலைமையை ஆராயும்படி உத்தரவிட வேண்டும். அடுத்துத் தேவை எனக் கருதினால், அப்பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களின் நெருங்கிய உறவினர், பணியாளர், குடும்ப நண்பர் ஆகியோரின் உரிமங்களும் இதில் அடங்கும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்து, அவற்றின் தயாரிப்பையும் தடுக்க வேண்டும். ஐந்தாவது உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: தேவை எனக் கருதினால், உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாகப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்கலாம்.

இந்த விதியின் பின்னணியைப் புரிந்துகொள்ள நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்குள் நுழைந்தவர்கள் துப்பாக்கிகளோடு வந்தார்கள். 44 உயிர்கள் தீயில் கருகின. 1997 டிசம்பரில் பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் ரன்வீர் சேனை 58 பேரைச் சுட்டுக் கொன்றபோது இந்த விதி நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. நம் மாவட்டத் தலைநகரான விழுப்புரத்தில் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டனர். அப்போது இந்தச் சட்டமே இல்லை. இன்று இருக்கிறது. அடையாளம் காணப்பட்ட பகுதிகளின் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக எவரும் கேட்கலாம்.

உரிமம் கோரும் தலித் ஒருவருக்குப் பயன்படும் மற்றொரு வாசகம் ஆயுதச் சட்டத்தின் 14(2) பிரிவில் இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற காரணத்தால் மட்டும் உரிமம் மறுக்கப்படக் கூடாது என்கிறது அது. நிலவுடைமையாளர்தாம் துப்பாக்கிக்குத் தகுதியானவர் என்ற எண்ணம் அலுவலகங்களில் ஊறிப்போயிருப்பதால் இந்த வரியை மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 14(3). அதற்கெதிராக மேல்முறையீடு செய்ய 18ஆம் பிரிவு வழிவகுக்கிறது. நடைமுறையில் தடையாக நிற்பது காவல் நிலைய அறிக்கைதான். வன்கொடுமைப் புகாரைப் பதியத் தயங்கிய அதே நிலையம்தான், புகார் கொடுத்தவருக்கு ஆபத்து உண்டா என அறிக்கை எழுதுகிறது. புகார் கொடுத்ததற்குப் பதிலடியாகப் போடப்படும் எதிர்வழக்கு அந்த அறிக்கையில் குற்றப் பின்னணியாகிவிடும். எனவே எதிர்வழக்கு எந்தத் தேதியில், எந்தப் புகாருக்குப் பின் பதியப்பட்டது என்பதை ஆவணங்களுடன் மனுவில் இணைக்க வேண்டும்.

இனி முதல் கேள்வி. உரிமம் பெற்றவரானாலும் துப்பாக்கியைக் கையில் ஏந்தி வீதியில் நடக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 32ஆம் விதி, கைத்துப்பாக்கியை உடலோடு பொருத்திய உறையிலும் பிற துப்பாக்கிகளை அதற்கென அமைந்த உறையிலும் கொண்டுசெல்லச் சொல்கிறது. பொது இடத்தில் அதை வீசிக் காட்டி மிரட்டுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. கொண்டாட்டத்தில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் சுடுவது 2019 திருத்தத்தால் தனிக்குற்றமானது. இரண்டு ஆண்டுகள் வரை சிறை.

வழியில் நிறுத்தப்பட்டால் பொருந்துவது 19ஆம் பிரிவு. ஆயுதம் கொண்டுசெல்லும் எவரிடமும் உரிமத்தைக் காட்டும்படி காவல் அதிகாரி கேட்கலாம். காட்ட மறுத்தாலோ தவறினாலோ பெயரும் முகவரியும் கேட்கலாம். தேவைப்பட்டால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். பெயர் சொல்ல மறுத்தால், பொய்யான பெயர் எனச் சந்தேகித்தால், அல்லது தப்பியோட முயல்வதாக எண்ணினால் மட்டுமே இப்பிரிவின் கீழ் பிடியாணையின்றிக் கைது. வரிசை இதுதான், முதற்படியிலேயே கடைசிப் படிக்குத் தாவ இந்தப் பிரிவு அனுமதிக்கவில்லை. கைப்பற்றினால் அதை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு. உரிமத்தை நிறுத்திவைப்பதோ ரத்து செய்வதோ 17ஆம் பிரிவின்படி உரிமம் வழங்கும் அதிகாரியின் வேலை. மாவட்டங்களில் அவர் ஆட்சியர். சோதனையில் நிற்கும் ஆய்வாளர் அல்லர்.

கிளியனூர்ப் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. உரிமத்தில் அது செல்லுபடியாகும் எல்லை குறிக்கப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்தால் அங்கே அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. இங்கு எல்லைக் கோடு வயல்களுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிறது. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. வழக்குப் போட நினைப்பவருக்கு இது போதும்.

இந்தப் பகுதியில் துப்பாக்கியை விட அதிகம் வழக்காவது அரிவாள். கூலி வேலைக்குப் போகிறவரின் சைக்கிளில் செருகியிருக்கும் அரிவாள் முதல் தகவல் அறிக்கையில் பயங்கர ஆயுதமாகிவிடுகிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கோ வேளாண்மைக்கோ மட்டும் உருவாக்கப்பட்ட பொருள்கள் ஆயுதம் என்ற வரையறைக்குள் வரமாட்டா என்கிறது சட்டத்தின் 2(1)(இ) பிரிவு. பிணை மனுவில் முதல் வரியாக இதை எழுத வேண்டியிருப்பது நம் நீதிமன்ற அனுபவம்.

ஆயுதம் சட்டப்படியானது என்பதாலேயே அதை ஏந்துபவர் பாதுகாப்பாக இருந்துவிடுவதில்லை. 1966இல் ஓக்லாந்தில் தொடங்கப்பட்ட கருஞ்சிறுத்தைக் கட்சியினர், காவல் வாகனங்களைப் பின்தொடர்ந்து, சட்டம் அனுமதித்த துப்பாக்கிகளோடு நின்று, காவலர் கறுப்பின மக்களை நடத்தும் விதத்தைக் கண்காணித்தனர். அதற்குப் பதிலாகக் கலிபோர்னியா சட்டமன்றம் 1967இல் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவெளியில் ஏந்துவதைத் தடை செய்தது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். ஐந்தாண்டுகளுக்குப் பின் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அமைப்பு அவர்களின் பெயரிலிருந்தே தன் பெயரை எடுத்துக்கொண்டது. 2016 ஜூலையில் மின்னசோட்டாவில் காரில் நிறுத்தப்பட்ட ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அதிகாரியிடம் தாமாகவே சொன்னார். அவரிடம் உரிமம் இருந்தது. சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட அதிகாரியை 2017இல் நடுவர் குழு விடுவித்தது.

இதனால்தான் ஐந்தாவது உட்பிரிவைவிட மூன்றாவது உட்பிரிவையே நான் பெரிதாகக் கருதுகிறேன். நம்மிடம் துப்பாக்கி வருவதற்கு முன் எதிரே இருப்பவரிடமிருந்து அது போக வேண்டும். உரிமம் பெற்ற தலித் ஊராட்சித் தலைவர் ஒருவர் சோதனைச் சாவடியில் எப்படி நடத்தப்படுவார் என்பதை ஊகிக்கக் கற்பனை வேண்டியதில்லை. ஆயினும் உரிமம் கேட்கவே கூடாது என்பதும் என் வாதமன்று. மேலவளவில் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று பேருந்திலிருந்து இழுத்து வெட்டப்படுவதற்கு முன் பாதுகாப்புக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டது கிடைக்காதபோது, கேட்டதற்கான எழுத்துச் சான்று இருப்பது 4ஆம் பிரிவின் கீழ் அதிகாரியின் கடமை தவறலை மெய்ப்பிக்க உதவும். அக்குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு.

தோழர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் 3ஆம் விதியின் கீழ் அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை? அவற்றில் நடப்பிலுள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை? 1995 முதல் இதுவரை அந்த விதியின் கீழ் ரத்து செய்யப்பட்டவை எத்தனை? மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.