தென்னைக் கருந்தலைப் புழுவின் ஒட்டுண்ணிக் குளவி

கோனியோசஸ் நெபாண்டிடிஸ்: தென்னைக் கருந்தலைப் புழுவைத் தின்று வளரும் கறுப்புக் குளவி. பெதிலிடே குடும்பம், நீளம் சில மில்லிமீற்றர். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். 1934இல் மூய்ஸ்பெக் இதை விவரித்துப் பெயரிட்டார்.

கருந்தலைப் புழு (ஒப்பிசினா அரெனோசெல்லா) தென்னையையும் பனையையும் தாக்கும். இரண்டும் அடுத்தடுத்து நிற்கும் வட இலங்கையின் தென்மராட்சி, பளை வளவுகளில் இதன் எதிரியை அறிந்திருப்பது நல்லது. புழு ஓலையின் அடிப்புறத்தில் நூலையும் எச்சத்தையும் கலந்து கூடு பின்னி, அதனுள் இருந்தபடி பச்சையத்தைச் சுரண்டும். ஓலை தீய்ந்தது போலக் காயும். நெடுமரத்தின் உச்சியில், கூட்டின் மறைவில் இருக்கும் புழுவுக்குப் பூச்சிநாசினி எட்டுவது கடினம். குளவி தானே தேடிப் போகும்.

கூட்டின் மணமே அதற்கு வழிகாட்டி. உள்ளே நுழைந்து பருத்த புழுவைப் பலமுறை கொட்டி அசையாமல் ஆக்கும். ஏறத்தாழ ஒரு நாள் கழித்தே அதன் உடலின் மேல் முட்டையிடும். சிறிய புழுவில் சில முட்டைகள், பெரியதில் பதினெட்டு வரையும். ஒரு நாளளவில் பொரிக்கும் குஞ்சுப்புழுக்கள் வெளியில் இருந்தபடியே தலையை உள்ளே செருகி உறிஞ்சும். சில நாட்களில் வெறுந்தோல் மிஞ்ச, அதன் அருகிலேயே கூடு கட்டிக்கொள்ளும். முட்டை முதல் குளவி வரை இரண்டு வாரமளவே.

ஒட்டுண்ணிக் குளவிகள் பெரும்பாலும் முட்டையிட்டதும் பறந்துவிடும். இது பறக்காது, குஞ்சுகள் வளரும்வரை காவல் இருக்கும். காரணம் சொந்த இனமே. வேறொரு பெண் குளவி வந்து சண்டையிட்டு வென்றால், முன்னவளின் முட்டைகளை அழித்துவிட்டுத் தன் முட்டைகளை இடும். உடல் பெருத்தவளே பெரும்பாலும் வெல்வாள்.

கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். தாய் இதைத் தானே தீர்மானித்து, ஓரிரு ஆண்களை மட்டும் பெறும். ஆண்கள் முதலில் வெளிவந்து பிறந்த இடத்திலேயே சகோதரிகளுடன் கூடும். அந்த ஆண்கள் இடையில் இறந்தால் சகோதரிகள் கூடாமலே வெளியேறுவர். அவர்களுக்கு ஆண்பிள்ளைகள் மட்டுமே பிறக்கும்.

காவல் இருக்கும் தாய் அதிக புழுக்களைக் கொல்லாது. ஆகவே ஆய்வுகூடத்தில் அரிசி அந்தின் புழுக்களில் வளர்த்துப் பெருந்தொகையாகத் தோட்டத்தில் விடுகிறார்கள். எண்ணிக்கையைவிட நேரமே முக்கியம் என்பது என் கருத்து. கருந்தலைப் புழுவின் தலைமுறை இரண்டு மாதமளவு. பெருகும் காலத்தில் மரங்களில் எல்லாம் ஒரே பருவப் புழுக்களே காணப்படும். இலங்கையில் இந்தப் பூச்சியின் பெருக்கத்தைப் பெரேரா, ஹஸல், கொட்ஃபிரே ஆகியோர் ஆராய்ந்து 1988இல் வெளியிட்டனர். தலைமுறைகளை இப்படிப் பிரித்துவைப்பவை இயற்கை எதிரிகளாக இருக்கலாம் என்று பின்னிருவரும் 1987இலேயே வாதிட்டிருந்தனர். புழு பருத்திருக்கும் வாரங்களில் குளவியை விடவேண்டும்; அந்துகள் பறக்கும் வாரத்தில் விட்டால் இரை கிடைக்காமல் வீணாகும்.