கோவாவில் இரண்டு கத்தரீன்கள்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடுக்கான கேள்வியை நான் கண்டுபிடிக்கல. எங்க அக்கா பையன் கேட்டது. வயசு பத்து.

அரைப் பரீட்சை லீவுக்குக் குடும்பத்தோட கோவா போயிருந்தோம். முதல் ரெண்டு நாள் பீச், மீன் வறுவல், மறுபடி பீச். மூணாவது நாள் காலையில அம்மா, "இவ்ளோ தூரம் வந்துட்டு கோயில் குளம் எதுவும் பாக்காம ஊர் திரும்பறதா?" என்று ஆரம்பிச்சுட்டாங்க. அம்மாவுக்குக் கோயில்னா எல்லாக் கோயிலும்தான். வருஷம் தவறாம வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏத்துற ஆள். வண்டி பிடிச்சு ஓல்ட் கோவா போனோம்.

சே கதீட்ரல் முன்னாடி பெரிய புல்வெளி. அதுல நின்னு அண்ணாந்து பார்த்துட்டு பையன் கேட்டான்: "சித்தி, இந்த சர்ச்சுக்கு ஏன் ஒரு கொம்பு ஒடஞ்சிருக்கு?"

ஒடஞ்ச கொம்பு

அவன் சொன்னது சரிதான். நேருக்கு நேர் நின்று பார்த்தால் இடது பக்கம் மணிக்கோபுரம் இருக்கும். வலது பக்கம் வெற்று வானம். ரெண்டு கோபுரத்தோடு கட்டிய பேராலயம் இது. ஒரு கோபுரம் 1776-ல் இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டவே இல்லை.

ஏன் கட்டவில்லை? அப்போது அந்த ஊரில் ஆள் இல்லை.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1510 நவம்பர் 25-ஆம் தேதி, அஃபோன்சோ த அல்புகெர்க் பீஜப்பூர் அடில்ஷாவின் படையைத் தோற்கடித்துக் கோவாவைப் பிடித்தார். நகரத்து முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். நவம்பர் 25 புனித கத்தரீன் திருநாள். வெற்றி கிடைத்த நாளுக்குரிய புனிதர் என்பதால் இந்த ஊரின் பேராலயம் அவருக்கே அர்ப்பணமானது.

இப்போது நிற்கும் கட்டடத்தை 1562-ல் ஆரம்பித்தார்கள். சுவர் எழும்பி முடிய 1619 ஆகிவிட்டது. பீடங்கள் முடிய இன்னும் சில பத்து வருடங்கள். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து மக்காவ் வரைக்கும் பரந்த போர்ச்சுகீசியப் பேரரசின் தலைநகரம் அப்போது கோவா. அந்த மிடுக்குக்கு ஏற்ற அளவில்தான் கட்டினார்கள். செம்புரான் கல்லை அடுக்கி மேலே சுண்ணாம்புப் பூச்சு.

ஆனால் அந்த ஊரைக் கொள்ளைநோய்கள் விடவில்லை. அலை அலையாகச் சாவு. வசதி உள்ளவர்கள் நகர ஆரம்பித்தார்கள். 1759-ல் வைஸ்ராயே பனாஜிக்குக் குடிபோனார். 1843-ல் பனாஜி அதிகாரப்பூர்வத் தலைநகரம் ஆனது. கோபுரம் விழுந்த 1776-ல் இந்த மாநகரம் ஏற்கனவே பாதி காடு. கைவிட்ட ஊரில் கோபுரம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

இதைச் சொன்னதும் பையன், "ஓ, பேய் ஊரா?" என்று குஷியாகிவிட்டான். சரி, உள்ளே போவோம்.

தங்கச் சுவர்

வெளியே பார்த்தால் வெள்ளையடித்த எளிமையான கட்டடம். உள்ளே நடந்து போகப் போக, கடைசியில் மின்னுகிறது பாருங்க, அந்தப் பீடம்! தரையிலிருந்து கூரையை நோக்கி எழும் மரச்செதுக்கல், அது முழுக்கத் தங்க முலாம். அம்மா அப்படியே கைகூப்பி நின்னுட்டாங்க.

அந்தத் தங்கச் சுவரில் ஒரு கதை இருக்கு. பெரிய செதுக்கல் பலகைகளில் புனித கத்தரீனின் வாழ்க்கை. மரபுவழிக் கதைப்படி அவர் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த படித்த இளம்பெண். ரோமப் பேரரசன் கிறிஸ்தவத்தை விடச் சொன்னான். மாட்டேன் என்றார். வாதத்தில் அவரை வீழ்த்த ஐம்பது அறிஞர்களைக் கூட்டி வந்தான். அவர்கள்தான் தோற்றார்கள். முள் சக்கரத்தில் கட்டிக் கொல்லச் சொன்னான். சக்கரம் உடைந்தது. கடைசியில் தலையை வெட்டினார்கள்.

சுருக்கமா, தன் நம்பிக்கையை விட மறுத்ததற்காக ஓர் அரசு கொன்ற பெண். அந்தக் கதையைப் பொன்னால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா, இந்தச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்த அதே வருடங்களில், இதே ஊரில், இன்னொரு கத்தரீன் இருந்தார்.

இன்னொரு கத்தரீன்

1569-ல் கோவாவில் ஒரு பெண்ணை உயிரோடு கட்டி எரித்தார்கள். பெயர் கத்தரீனா த ஓர்ட்டா. ரகசியமாக யூத மதத்தைக் கடைப்பிடித்தார் என்பது குற்றம்.

அவருடைய அண்ணன் பெயரை நீங்க கேள்விப்பட்டிருக்கலாம்: கார்சியா த ஓர்ட்டா. பெற்றோர், 1492-ல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டு போர்ச்சுகலில் தஞ்சம் புகுந்த யூதர்கள். 1497-ல் அங்கேயும் கட்டாய மதமாற்றம். இப்படி மாற்றப்பட்டவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் 'புதுக் கிறிஸ்தவர்கள்' என்று ஒரு முத்திரை. எத்தனை தலைமுறை ஆனாலும் சந்தேகப் பார்வை போகாது.

கார்சியா மருத்துவம் படித்துவிட்டு 1534-ல் கோவாவுக்குக் கப்பல் ஏறினார். இங்கே கவர்னர்களுக்கும் வைத்தியர், அகமதுநகர் சுல்தானுக்கும் வைத்தியர். உள்ளூர் வைத்தியர்களிடமும் வியாபாரிகளிடமும் கேட்டுக் கேட்டு, 1563-ல் கோவா அச்சகத்தில் ஒரு புத்தகம் போட்டார். இந்திய மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றி உரையாடல் வடிவில் எழுதியது. மிளகு, ஏலம், வெற்றிலை, மாம்பழம் எல்லாம் அதில் உண்டு. காலராவால் வரும் வாந்திபேதியைக் கண்ணால் பார்த்து எழுதிய ஆரம்பகால ஐரோப்பியர்களில் அவரும் ஒருவர்.

1568-ல் இறந்தார், இயற்கையான சாவு. அதன்பிறகுதான் தங்கையைப் பிடித்தார்கள். அண்ணனும் யூத நம்பிக்கையோடுதான் இருந்தார் என்று விசாரணையில் அவர் வாயிலிருந்து வாங்கினார்கள். 1569-ல் அவரை எரித்தார்கள். 1580-ல் கார்சியாவின் எலும்புகளைத் தோண்டி எடுத்து அதையும் எரித்தார்கள். செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன மனுஷனுக்குத் தண்டனை!

உப்பு போடாத சோறு

இதைச் செய்த அமைப்புக்குப் பெயர் இன்குவிசிஷன், மத விசாரணை மன்றம். கோவாவில் 1560-ல் ஆரம்பம். நடுவில் நான்கு வருட இடைவெளி தவிர 1812 வரைக்கும் நீடித்தது. பேராலயத்துக்குப் பக்கத்துச் சதுக்கத்தில், பழைய அடில்ஷா அரண்மனையில் இயங்கியது. கொங்கணி பேசும் மக்கள் அதைப் 'பெரிய வீடு' என்று சொல்வார்களாம். பேர் சொல்லவே பயம்.

முதலில் குறி யூத வம்சாவளியினர். பிறகு, மதம் மாறிய உள்ளூர் மக்கள். பழைய வழக்கத்தில் எதையாவது விடாமல் வைத்திருந்தால் குற்றம். 1561-லிருந்து 1774 வரை மட்டும் 16,000-க்கும் மேல் வழக்குகள். எல்லோரையும் எரிக்கவில்லை, பெரும்பாலானவர்களுக்குச் சவுக்கடி, சிறை, நாடுகடத்தல், சொத்துப் பறிமுதல். தீர்ப்பை ஊர் கூட்டி, ஊர்வலம் நடத்திச் சொல்வார்கள். கோபுரத்தில் இன்றைக்கும் தொங்கும் 'தங்க மணி'யை அதற்காக அடித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. சார்ல்ஸ் டெலோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அந்தச் சிறையில் கிடந்துவிட்டுத் திரும்பிப் போய் 1687-ல் எல்லாவற்றையும் புத்தகமாக எழுதிவிட்டார். ஐரோப்பா படித்து அதிர்ந்தது.

1736-ல் ஓர் ஆணை போட்டார்கள். கல்யாணத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கும் வழக்கத்திலிருந்து வீட்டில் துளசி வளர்ப்பது வரைக்கும் நீளமான தடைப் பட்டியல். அதில் ஒன்று: இந்துக்கள் மாதிரி உப்பு போடாமல் சோறு ஆக்கக் கூடாது.

வெளியே மர நிழலில் உட்கார்ந்து இதை அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அடுப்பங்கரைக்குள்ள வந்து சோத்தை எவன்டி ருசி பாத்தான்?" என்று கேட்டாங்க.

நல்ல கேள்வி. யாரோ பார்த்துப் போய்ச் சொன்னாத்தான் வழக்கு. பக்கத்து வீட்டுக்காரர், வேலைக்காரர், சொந்தக்காரர். இந்த ஏற்பாடு ஓடியதே அந்தக் காட்டிக்கொடுப்பில்தான்.

அதே ஊரில் வார்த்த எழுத்து

இவ்வளவும் கேட்டுட்டு, "ஆக, இவங்க எல்லாருமே இப்படித்தான்" என்று யாராவது முடிவு கட்டினால் நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு காரணம்.

ஒண்ணு, இன்றைய கோவா கத்தோலிக்கர்களில் பெரும்பாலானவர்கள் அந்த உப்பு போடாத சோற்றுக்காக விசாரிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள். வழக்குகளில் பெரும்பாலானவை கிறிஸ்தவர்கள் மேல்தான்.

ரெண்டாவது, நம்ம கதை. 1577-ல் இதே கோவாவில் தமிழ் எழுத்துக்களை உலோகத்தில் வார்த்தார்கள். அடுத்த வருடம், 1578-ல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது. அதைத் தமிழில் தந்தவர் முத்துக்குளித்துறையில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த என்றிக்கே என்றிக்கசு பாதிரியார். அவரும் யூத வம்சாவளி. ஓர்ட்டா குடும்பம் மாதிரியே ஒரு 'புதுக் கிறிஸ்தவர்'. கார்சியாவின் எலும்பை எரிப்பதற்கு ரெண்டு வருடம் முன்னாடி வந்த புத்தகம்.

எதிரே பாம் ஜீசஸ் பசிலிக்காவில் புனித சவேரியாரின் உடல் இருக்கிறது. நம்ம முத்துக்குளித்துறையில் கால்நடையாக அலைந்த மனிதர். கோவாவில் இன்குவிசிஷன் வேண்டும் என்று 1546-ல் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதியவரும் அவர்தான். அது வருவதற்கு முன்பே, 1552-ல் இறந்தார். ஒரு காலத்தில் அவரும் கார்சியாவும் ஒரே ஊரில் வாழ்ந்தார்கள். ஒருவர் உடலைப் பார்க்க இன்றைக்கும் வரிசை நிற்கிறது. இன்னொருவருக்குக் கல்லறையே இல்லை.

அம்மா அந்த வரிசையிலும் நின்னாங்க. நானும்தான். "அவர்கிட்ட என்னம்மா வேண்டிக்கிட்டே?" என்றேன். "அந்தத் தங்கச்சிக்கும் சேத்துத்தான்" என்றாங்க.

சாயந்திரம் பனாஜியில் பெரிய சர்ச் எதிரே ஒரு பூங்கா. பையனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்து உட்கார வைத்தோம். பேர்ப்பலகையை அவன்தான் எழுத்துக்கூட்டிப் படிச்சான்: கார்சியா த ஓர்ட்டா பூங்கா.

"சித்தி, இவர்தானே அந்த டாக்டர்?"

"ஆமாடா."

"தங்கச்சி பேர்ல ஒண்ணும் இல்லையா?"

எனக்குத் தெரிஞ்சு இல்லை. அதான் இந்த எபிசோடுக்கு அந்தப் பேரை வெச்சிருக்கேன். அடுத்த தடவை சே கதீட்ரல் போனீங்கன்னா, அந்தத் தங்கப் பீடத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ரெண்டு கத்தரீனையும் நினைச்சுக்கோங்க. மறுபடி சந்திப்போம்.