சாசாஃப்ராஸ் எண்ணெயும் எலி ஈரலும்

‘செடியிலிருந்து எடுத்த எண்ணெய்தானே, என்ன பண்ணிடப் போகுது?’ என்ற கேள்விக்குச் சோதனைச் சாலைகள் பதில் தேடின கதையைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

அமெரிக்காவில் ரூட் பியர் என்று ஒரு பானம் உண்டு. பேரில்தான் பியர், குழந்தைகளும் குடிக்கிற சோடா அது. அதற்கு மணம் கொடுத்தது சாசாஃப்ராஸ் மரத்தின் வேர்ப்பட்டை எண்ணெய். அந்த எண்ணெயில் பெரும்பகுதி சாஃப்ரோல். எலிகளுக்கு அதை நீண்ட நாள் கொடுத்துப் பார்த்தால் ஈரலில் கட்டி. 1960-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை உணவில் சேர்க்கத் தடை போட்டது.

சரி, கட்டி ஏன் வருது? மரபணுவைக் கெடுக்குதா? 1973-ல் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ் ஒரு குறுக்கு வழி காட்டினார். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாத சால்மோனெல்லா கிருமியை எடுத்துக்கிட்டார். ஹிஸ்டிடின் போதாத தட்டில் அது வளராது. சோதிக்கிற பொருள் அதன் மரபணுவை மாற்றினால், சில கிருமிகள் இழந்த திறனைத் திரும்பப் பெற்று புள்ளி புள்ளியாக வளரும். இரண்டு நாளில் புள்ளிகளை எண்ணிடலாம். கூடவே எலி ஈரலை அரைத்தெடுத்த சாற்றையும் சேர்த்தார். ஏன்னா, சாதுவான பல பொருட்களை விஷமாக மாத்துறதே ஈரல்தான்.

ஆனா சாஃப்ரோல் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தப்பிச்சிடுச்சு! விடை விஸ்கான்சினில், ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் தம்பதியின் ஆய்வுகளிலிருந்து வந்தது. ஈரல் முதலில் சாஃப்ரோலோடு ஹைட்ராக்சில் சேர்க்குது, அப்புறம் சல்ஃபேட்டை ஒட்டுது. இந்த இரண்டாவது படியில்தான் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கிற பொருள் உருவாகுது. வழக்கமாகச் சேர்க்கும் ஈரல் சாற்றில் சல்ஃபேட் ஒட்டத் தேவையான துணைப்பொருள் கிடையாது. தட்டில் புள்ளி இல்லைன்னு ஒரு எண்ணெய்க்கு நற்சான்று கொடுத்துட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

நம்ம வீட்டுப் பொருளுக்கு வருவோம்: வசம்பு. பிள்ளை வளர்ப்பான்னு செல்லப் பேர் வேற. ஜம்மு வகை வசம்பு எண்ணெயைக் கொடுத்த எலிகளுக்குச் சிறுகுடலில் கட்டிகள் வந்தன. 1968-ல் அமெரிக்கா அதையும் உணவில் தடை செய்தது. சந்தேகம் பீட்டா அசரோன் மீது விழுந்தது. வேடிக்கை என்னன்னா, இரண்டு குரோமோசோம் தொகுதி கொண்ட வட அமெரிக்க வசம்பில் அது இல்லை. நாலு தொகுதி கொண்ட ஆசிய வகையில் ஏராளம். அதனால சோதனைக்கு வரும் புட்டியில் ‘வசம்பு எண்ணெய்’னு மட்டும் எழுதியிருந்தா போதாது. எந்த ஊர் வசம்புன்னும் கேட்கணும்.