ஐந்தொகை வழி நடந்த வணிகம்

கணக்குப் பதிவியல் மேலைநாட்டார் நமக்குத் தந்த கலை என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி அக்கரையில் இறங்கினால், சற்றுத் தொலைவில் உள்ள பினாங்கு வீதி வேறொரு வரலாற்றைச் சொல்லும். தைப்பூச வெள்ளி இரதம் புறப்படும் கோயில் வீடு இருக்கும் அதே வீதிதான்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்குக் கிட்டங்கிகள் அமைத்து வட்டித் தொழில் நடத்தினர். தண்ணீர்மலைக் கோயிலை 1857இல் எழுப்பியவர்களும் அவர்களே. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்துபவர் சம்பளத்திற்கு வந்த மேலாள். கப்பலில் கடிதம் சென்று மறுமொழி வரப் பல வாரங்கள் ஆகும். காணாத கடையை முதலாளி எவ்வாறு ஆண்டார்?

கணக்கினால்தான். அன்றாட வரவு செலவு குறிப்பில் ஏறும். பின் ஆள்வாரியாகப் பேரேட்டில் பதியப்படும். பற்றும் வரவும் இருபுறமும் ஒத்து வருமாறு ஐந்தொகை எடுக்கப்படும். (இலங்கைத் தமிழ்க் கணக்கீட்டு நூல்களில் இச்சொல்லே வழங்குகிறது. நாம்தான் மறந்தோம்.) எந்தக் கடைக்கு மேலும் முதல் அனுப்புவது, எந்த மேலாளை மீண்டும் அனுப்புவது என்ற முடிவுகளுக்கு இவ்வேடுகளே சான்று. பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. அது முடிந்ததும் கணக்கை முடித்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும். கடைக்குக் கடை மாறும் பணத்திற்கும் வட்டி எழுதப்பட்டதால், இரவல் பணத்தில் இலாபம் காட்டி ஏய்க்க இயலாது. இரங்கூனில் நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தனர்.

இத்தனையும் எந்தக் கல்லூரியிலும் பயின்றதன்று. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் பார்த்துப் பார்த்தே கற்றான். ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு இது பெருவியப்பு.

எனினும் அக்கணக்கு எல்லாவற்றையும் காட்டிவிடவில்லை. 1930இல் பர்மாவில் நெல்விலை வீழ்ந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக நிலம் வந்து குவிந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு அவர்களிடம் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு. பேரேட்டில் ஒருவர் பெயரில் இருந்த பற்று, நிலமாக மாறி எழுதப்பட்டிருக்கும். ஐந்தொகையும் ஒத்தே வந்திருக்கும். நிலமிழந்த உழவரின் சினத்தை எழுத மட்டும் எந்த ஏட்டிலும் பத்தி இல்லை. 1942இல் சப்பானியர் நுழைந்தபோது பலர் ஏடுகளோடு தப்பி ஓடினர். விடுதலை பெற்ற பர்மா 1948இலேயே நில நாட்டுடைமைச் சட்டத்தை இயற்றியது.