எட்டையபுரம்: பெயர் வந்த கதை

நம் ஊர்களில் பிள்ளைகள் சண்டையிட்டால் "எட்டப்பன்" என்று ஏசிக் கொள்கிறார்கள். அப்பெயரையே தாங்கி நிற்கிறது, கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டின் நடுவிலுள்ள எட்டையபுரம். வீரமாமுனிவர் தொண்டாற்றிய காமநாயக்கன்பட்டியும் அந்தப் பழைய சீமையைச் சேர்ந்ததே. ஆகையால் இக்கதை நமக்கும் உரியது.

பாளையக்காரரின் முன்னோர் ஒருவர் விஜயநகர அரசரைக் காணச் சென்றாராம். வாயிலில் வழிமறித்த சோமன் என்னும் மல்லனோடு பொருது அவனைக் கொன்றார். பின்பு, ஆதரவற்று நின்ற அவன் தம்பியர் எண்மரையும் தாமே தந்தையாக இருந்து காத்தார். எட்டுப் பேருக்கு அப்பன், ஆகவே எட்டப்பன். அம்மரபினர் ஆண்ட ஊர் எட்டையபுரம் ஆயிற்று என்பர்.

இம்மரபினரின் தாய்மொழி தெலுங்கு. தெலுங்கில் எட்டு என்பது "எனிமிதி". எனவே இப்பட்டம் விஜயநகரத்தில் அன்று, தமிழ் பேசும் இந்தக் கரிசல் மண்ணில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அதன்பின் இப்பெயர் வசைச் சொல்லாயிற்று. 1959-இல் வெளிவந்த திரைப்படம் அதனைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பியது. எட்டையபுரத்தார் கும்பினிப் படைக்குத் துணை நின்றது உண்மை. ஆயினும் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமானே.